மினிட்ஸில் யாருடைய பேச்சு ஏறுகிறது? செம்பூர் ஹவுசிங் சொசைட்டி ஒன்றில் கூட்டங்களை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கியது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மும்பை செம்பூரில் 40 வயது தாண்டிய ஒரு கட்டடம். லிஃப்ட் இல்லாத நான்கு மாடி, மூன்று விங், 60-க்கு மேற்பட்ட வீடுகள், ரோட்டுப் பக்கம் சில கடைகள். குடியிருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தமிழர்கள். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும், உர ஆலையிலும், மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். மீதிப் பேர் மராட்டியர், குஜராத்திகள், சிந்திகள், மலையாளிகள். கட்டடத்தை இடித்துக் கட்டும் (ரீடெவலப்மெண்ட்) பேச்சு எடுத்ததிலிருந்து சொசைட்டியில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் கூட்டங்களைப் பதிவு செய்து மென்பொருள் மூலம் எழுத்தாக்கும் பொறுப்பு, கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் என்னிடம் வந்தது.

நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, எழுதுபவர் காலங்காலமாக யாருடைய பேச்சைத் தவறவிட்டு வந்தாரோ, மென்பொருளும் பெரும்பாலும் அவர்களுடைய பேச்சைத்தான் தவறவிடுகிறது. மெதுவாகப் பேசுகிறவர், பின்னால் உட்காருகிறவர், கூட்டத்தில் புழங்கும் மொழி சரளமாக வராதவர். இதைத் தெரிந்துகொண்டு ஏற்பாடு செய்தால் அதே மென்பொருள் அவர்களை ஏட்டில் ஏற்றவும் செய்யும். தெரியாமல் விட்டால், பழைய விடுபடல்கள் இன்னும் நறுவிசாக, கம்ப்யூட்டர் அச்சில் வரும்.

எதற்காகப் பதிவு

எங்கள் மினிட்ஸ் புத்தகம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. கூட்டமோ இந்தி, மராட்டி, ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து நடக்கும். செயலாளர் குஜராத்திக்காரர், நல்ல மனிதர். தமிழ் அவருக்குத் தெரியாது. ரீடெவலப்மெண்ட் பற்றிய ஆரம்பக் கூட்டம் ஒன்றில் பி விங்கில் தனியாக இருக்கும் ஒரு மாமி எழுந்து பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது: "மூணு வருஷத்துல முடிக்கறேன்னு பில்டர் சொல்றான். முடியலேன்னா? வெளியில இருக்கற வீட்டுக்கு வாடகை அன்னியோட நின்னுடப்படாது. சாவி கையில வர வரைக்கும் குடுக்கணும், அதை எழுத்துல வாங்குங்கோ." மினிட்ஸில் இது எப்படி வந்தது தெரியுமா? உறுப்பினர் ஒருவர் வாடகை பற்றிக் கேட்டார் என்று ஒரே ஒரு வரி.

பின்னால் டெண்டர் நிபந்தனைகளைத் தயாரிக்க உட்கார்ந்தபோது அந்தக் கோரிக்கை யாருக்கும் நினைவில் இல்லை. மாமியே வந்து, "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று கேட்டபிறகுதான் தகராறு எழுந்தது. சொன்னார் என்று சிலர், சொல்லவில்லை என்று சிலர். மினிட்ஸைப் பார்த்தால் இரண்டுக்கும் இடம் இருந்தது. இனிமேல் கூட்டங்களைப் பதிவு செய்வோம் என்று கமிட்டி முடிவெடுத்தது அதற்கு அடுத்த வாரம்.

சட்டத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1960-இன் 79ஏ பிரிவின் கீழ் மாநில அரசு 2009 ஜனவரி 3-இலும், அதைத் திருத்தி 2019 ஜூலை 4-இலும் உத்தரவு போட்டது. பில்டரைத் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பொதுக்குழுவைப் பதிவாளர் அலுவலக அதிகாரி முன்னிலையில் நடத்த வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது அந்த உத்தரவு. ஆக, கடைசிக் கூட்டம் எப்படியும் கேமராவில் ஏறும். அந்த இடத்துக்கு வருவதற்குள் நடக்கிற பேச்சுவார்த்தைகள்தான் எங்கள் கவலை. உண்மையான பேரம் அங்கேதான் நடக்கிறது.

முதல் ஏற்பாடு

கூட்டம் நடப்பது ஸ்டில்ட் பார்க்கிங்கில். ஞாயிறு காலை, பிளாஸ்டிக் நாற்காலிகள், தூண்களுக்கு நடுவே ஒரு மேஜை. தலைவர் மேஜையில் ஒரு மொபைலை வைத்துப் பதிவு செய்தோம். அந்தக் கோப்பை, ஆன்லைன் கூட்டங்களுக்குக் குறிப்பெடுத்துக் கொடுக்கும் சந்தா மென்பொருள் ஒன்றில் ஏற்றினோம். சில நிமிடங்களில் அழகான ஆங்கிலத்தில் பல பக்கம் வந்தது. கீழே ஒரு சுருக்கம், அதற்கும் கீழே யார் யார் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல்.

படிக்கப் படிக்கத்தான் வயிற்றைக் கலக்கியது. மேஜைக்கு அருகில் இருந்த தலைவர், செயலாளர், ஆர்கிடெக்ட் மூவரின் ஆங்கிலம் ஏறக்குறையச் சரியாக வந்திருந்தது. அடுத்த தூணுக்கு அப்பால் உட்கார்ந்தவர்கள் பேசியது பாதி இல்லை. தமிழில் பேசியவை, சம்பந்தமே இல்லாத, ஆனால் இலக்கணப் பிழையற்ற ஆங்கில வாக்கியங்களாக மாறியிருந்தன. ஒலிப்பதிவைக் கேட்காத ஒருவர் அதைப் படித்தால் சந்தேகப்படவே மாட்டார். சுருக்கத்தில் இதைவிடப் பெரிய வில்லங்கம். பில்டர் உறுப்பினர்களுக்கு ரொக்கமாகத் தரும் கார்பஸ் தொகையைத் தவணையில் வாங்கலாமா என்று ஆர்கிடெக்ட் ஒரு யோசனையைத்தான் முன்வைத்தார். எதிர்ப்பு கிளம்பியது, முடிவு எதுவும் எடுக்கவில்லை. தவணைக்கு உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டதாகச் சுருக்கம் எழுதியிருந்தது. எதிர்த்தவர்கள் பேசியது தமிழும் மராட்டியும். எழுத்தாக்கிய பிரதியிலேயே (டிரான்ஸ்கிரிப்ட்) அது இல்லாதபோது சுருக்கத்துக்கு எங்கிருந்து வரும்?

அந்தச் சுருக்கத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று கமிட்டி அன்றே தடுத்தது. போட்டிருந்தால் அதுவே உண்மையாகியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது

பேச்சை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் (மாடல்கள்) எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்தால் இந்தப் பிழைகள் எதுவும் ஆச்சரியமாக இருக்காது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் மாதிரியை எடுத்துக்கொள்வோம். எல்லா விவரமும் பொதுவெளியில் இருப்பதால் அதை வைத்துச் சொல்வது எளிது. ஒலியை 30 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்து வரக்கூடும் என்று அது ஊகிக்கிறது. அதற்குப் பயிற்சி கொடுத்தது 6,80,000 மணி நேர ஒலியில். அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து 1,17,000 மணி நேரம்தான். இது தவிர 1,25,000 மணி நேரம், பிறமொழிப் பேச்சை ஆங்கிலமாக மொழிபெயர்க்கும் பயிற்சி. தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் எழுதித் தரும் பழக்கம் இந்த வகை மாதிரிகளுக்கு எங்கிருந்து வரக்கூடும் என்பதற்கு இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது.

மொழியை நாம் குறிப்பிடாவிட்டால், விஸ்பரின் மூல நிரல் கோப்பின் முதல் 30 வினாடியைக் கேட்டு மொழியை முடிவு செய்கிறது. அதையே முழுக் கோப்புக்கும் வைத்துக்கொள்கிறது. எங்கள் கூட்டம் தொடங்குவது தலைவரின் மராட்டி வரவேற்போடு. அப்படியொரு தொடக்கம் உள்ள பதிவை அப்படியே கொடுத்தால் மற்ற மொழிகள் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பொருளாளர் ஒரே மூச்சில், "மெயின் பாயிண்ட் காய் ஆஹே, கார்பஸ் நமக்கு ஒரே தடவையில வேணும், இன்ஸ்டால்மெண்ட் நஹி சலேகா" என்பார். மும்பைத் தமிழனுக்கு அது ஒரே வாக்கியம். நான்கு மொழி கலந்திருக்கிறது என்று அவருக்கே தோன்றாது.

இன்னொரு விஷயம் தமிழுக்கே உரியது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட் வேண்டும். துணையெழுத்துக்குத் தனியாக இன்னொரு 3. ஆங்கில எழுத்துக்கு 1 போதும். பைட்டுகளை அடிப்படையாகக் கொண்டு சொற்களை உடைக்கும் மாதிரிகள் அதே நீளப் பேச்சுக்குத் தமிழில் அதிகத் துண்டுகளை உருவாக்க வேண்டியிருக்கிறது. அதனால் நேரமும் கூடுகிறது, இடறும் வாய்ப்பும் கூடுகிறது.

மௌனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விஸ்பரைச் சோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எழுத்தாக்கிய ஒலித்துண்டுகளில் ஏறக்குறைய 1 சதவீதத்தில், யாருமே பேசாத சொற்றொடர்கள் முழுதாக முளைத்திருந்தன. அப்படி முளைத்தவற்றில் 38 சதவீதம், வன்முறை, தவறான தகவல் என்று தீங்கு தரக்கூடிய உள்ளடக்கம். பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு தடைப்பட்டவர்களின் ஒலியில் இது அதிகம். அவர்கள் பேச்சில் இடைவெளி அதிகம் என்பது ஆய்வாளர்கள் சுட்டிய ஒரு காரணம். இதைப் படித்தபோது எங்கள் கட்டடத்து வயதானவர்கள்தான் என் மனதில் வந்தார்கள். யோசித்து, நிறுத்தி, மூச்சு வாங்கிப் பேசுகிறவர்கள். 1 சதவீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் சொத்தைப் பற்றிய கூட்டத்தில் யாரும் சொல்லாத ஒரு வாக்கியம் ஒருவர் வாயில் வைக்கப்படுவது சிறிய விஷயம் இல்லை.

இனி, எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காத ஒன்று. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அங்கேதான். முடியும், முடியாது. ஒத்துக்கறேன், ஒத்துக்கலை. இந்தியிலும் மராட்டியிலும்கூடப் பெரும்பாலும் இதே நிலைமைதான். நாமோ வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது குரலைத் தாழ்த்துகிறோம், உட்காரத் தொடங்குகிறோம், முகத்தைத் திருப்புகிறோம். பதிவுகளைக் கேட்டபோது திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: எதைப் பற்றிப் பேசினார் என்பது தெளிவாக விழுந்திருக்கும், வேண்டும் என்றாரா வேண்டாம் என்றாரா என்பது விழுந்திருக்காது. கூட்டத்துக்குத் தேவைப்படுவதோ அந்தக் கடைசி அசைகள்தான்.

எதை மாற்றினோம்

மைக்கை முதலில் மாற்றினோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரை மேஜை மொபைல் கேட்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதுவும் தண்ணீர் பம்பு ஓடும்போது, புறாக்கள் இறக்கையடிக்கும்போது, மழைக்காலத்தில் தகரக் கூரையில் தண்ணீர் கொட்டும்போது. கையில் பிடித்துப் பேசும் கம்பியில்லா மைக் ஒன்று வாங்கினோம். பேசுகிறவர் கைக்கு அது போகும். இதனால் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது: மைக் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்ற ஒழுங்கு தானாக வந்தது. எந்த மென்பொருளை மாற்றியபோதும் இவ்வளவு முன்னேற்றம் கிடைக்கவில்லை. காசு செலவழிக்கக் கொஞ்சமே இருக்கிறது என்றால் அதை மைக்கில் போடுங்கள் என்பேன்.

அடுத்து, யார் பேசினார் என்ற பிரச்சினை. குரல்களைப் பிரித்து "பேச்சாளர் 1, பேச்சாளர் 2" என்று எழுதும் நிரல்கள் இருக்கின்றன, பையனோட் போன்ற திறந்த மூலக் கருவிகள் உட்பட. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதும், ஒத்த வயதுடைய இருவரின் குரல் ஒன்றுபோல இருப்பதும் இந்த வகைக் கருவிகளுக்குக் கடினம். நாங்கள் எளிய வழிக்குப் போனோம். பேசத் தொடங்குமுன் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். "பி-7 பேசறேன்." இரண்டு கூட்டத்துக்குள் பழகிவிட்டது.

மொழிக்கு இன்னும் கொஞ்சம் உழைப்பு தேவைப்பட்டது. கோப்பை முழுதாக ஏற்றுவதை நிறுத்தினோம். பதிவைக் கேட்டுக்கொண்டே எங்கே எந்த மொழி ஓங்கியிருக்கிறது என்று நேரத்தைக் குறித்து, துண்டு துண்டாக, மொழியைக் குறிப்பிட்டே கொடுக்கிறோம். எழுத்தாக்கம் இப்போது எங்கள் கமிட்டி லேப்டாப்பிலேயே நடக்கிறது, வெளி சர்வருக்கு எதுவும் போவதில்லை. இந்திய மொழிகளுக்கென்றே ஐஐடி மெட்ராஸில் இயங்கும் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட மாதிரிகள் உண்டு. மத்திய அரசின் பாஷினி திட்டமும் 2022-இலிருந்து இந்தத் துறையில் இருக்கிறது. நம் மொழிக்கு வேலை செய்கிறவர்கள் இருக்கும்போது ஆங்கிலத்துக்காகச் செய்த கருவியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்று மற்ற சொசைட்டிக்காரர்களிடம் சொல்லி வருகிறேன்.

கடைசி மாற்றம் தலைவருடையது. ஒவ்வொரு விஷயம் முடிந்ததும் அவர் மைக்கை வாங்கி, என்ன முடிவு, யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது, யாருக்கு மறுப்பு என்று முழு வாக்கியமாக, நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். தொகைகளை இரண்டு முறை, இலக்கம் இலக்கமாகச் சொல்கிறார். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒன்றாகக் கேட்கும், இந்தியில் "டாய் லாக்" என்று யாராவது சொன்னால் அது இரண்டரை லட்சமாக எழுதப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தமிழில் மறுப்பு தெரிவித்தால் அதைத் தமிழ் தெரிந்த உறுப்பினர் ஒருவர் அங்கேயே இந்தியில் சொல்லி, "சரிதானே மாமி?" என்று கேட்டு, அவர் "சரி" என்று மைக்கில் சொல்லவும் வைக்கிறோம்.

இப்படி நடந்த முதல் கூட்டத்தில் வாடகை நிபந்தனையை மாமி மறுபடி எழுப்பினார். இந்த முறை அவர் சொன்னது தமிழிலேயே டிரான்ஸ்கிரிப்டில் வந்தது. "சாவி" என்பது "சாமி" ஆகியிருந்தது. கேட்டுத் திருத்தினோம். ஆங்கில மொழிபெயர்ப்போடு மினிட்ஸில் ஏறியது. அங்கிருந்து டெண்டர் நிபந்தனைக்குப் போனது.

டிரான்ஸ்கிரிப்டை எப்படிப் பயன்படுத்துகிறோம்

அதை மினிட்ஸ் என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எங்களுக்கு அது ஒலிப்பதிவுக்குள் இடம் தேடும் கருவி. "கார்பஸ்" என்று தேடினால் எந்தெந்த நிமிடத்தில் பேச்சு வந்தது என்று காட்டும். அங்கே போய்க் காதால் கேட்கிறோம். செயலாளர் எழுதும் வரைவில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் நேரக்குறிப்பு உண்டு. யாராவது ஆட்சேபித்தால் அந்த நிமிடத்தைப் போட்டுக் காட்டிவிடலாம். மினிட்ஸ் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட பிறகுதான் மினிட்ஸ். தானியங்கிச் சுருக்கத்தை அடியோடு விட்டுவிட்டோம்.

இதற்கு நேரம் ஆகிறது. கூட்டம் நடந்த நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு, சரிபார்க்க. எல்லாம் தானாக நடக்கும் என்று மென்பொருள் விற்பவர்கள் சொல்வது ஒரே மொழியில், ஒருவர் முடித்தபின் ஒருவர் பேசும் அலுவலகக் கூட்டத்துக்கு ஓரளவு பொருந்தலாம். எங்கள் கூட்டம் அப்படிப்பட்டதில்லை.

துல்லியத்தை அளப்பதிலும் ஒரு எச்சரிக்கை. சொற்பிழை விகிதம் என்று சொல்வார்கள். மாறிய, விட்டுப்போன, கூடுதலாக வந்த சொற்களைக் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. தமிழில் "கொடுக்கவில்லையென்றால்" ஒரே சொல். அதில் ஓர் எழுத்து தவறினாலும் முழுச்சொல்லும் பிழையாக எண்ணப்படும். அதனால் எழுத்துப்பிழை விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் எங்களுக்கு இரண்டுமே போதவில்லை. "முடியாது" என்பது "முடியுது" ஆனால் இரண்டு கணக்கிலும் சின்னப் பிழைதான். வீட்டுக்காரருக்கு அது எல்லாமே. ஆகவே எண், மறுப்பு, வீட்டு எண் மூன்றையும் காதால் கேட்டுச் சரிபார்க்காமல் எந்தப் பக்கமும் செயலாளரிடம் போவதில்லை.

சம்மதமும் தயக்கமும்

பொதுக்குழு நோட்டீஸிலேயே பதிவு செய்யப்போவதைச் சொல்கிறோம்: எதற்காக, யார் கேட்பார்கள், எவ்வளவு நாள் இருக்கும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெற ஒருவருக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது. நாங்கள் தமிழ், மராட்டி, குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் ஐந்திலும் ஒட்டினோம். சட்டத்துக்காக மட்டுமில்லை. புரியாமல் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பதிவு தொடங்கியதும் சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். குறிப்பாக, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர்களும், பிள்ளைகளோடு சொத்துச் சிக்கல் உள்ளவர்களும். இது நிஜமான இழப்பு. மைக் இல்லாத நேரத்தில் தலைவரைப் பார்த்துச் சொல்லலாம், பாக்கி விவரங்கள் பேசும்போது பதிவை நிறுத்தலாம் என்று விதி வைத்தோம். ஓரளவுக்கு உதவுகிறது. சத்தம் போட்டுச் சண்டை வரும்போது மைக் ஒழுங்கு உடைந்துவிடுகிறது. அந்த நிமிடங்கள் டிரான்ஸ்கிரிப்டில் குப்பைதான். அங்கே "கூச்சல், தெளிவில்லை" என்று எழுதி நேரத்தைக் குறிக்கிறோம், ஊகிப்பதில்லை.

மூல ஒலிக்கோப்பைத் தொடுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில், கோப்பின் டிஜிட்டல் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட இடம் இருக்கிறது. கூட்டம் முடிந்த அன்றே கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷை எடுத்து ரிஜிஸ்டரில் எழுதித் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போடுகிறார்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். எழுத்தாக்குவதெல்லாம் நகலில்தான். 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம், 16 பிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 115 எம்பி சொச்சம். சேமிப்பு ஒரு பிரச்சினையே இல்லை.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை. சாதாரணக் கூட்டங்களின் ஒலியை, அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் உறுதியானதும் அழிப்பதாக முடிவாகியிருக்கிறது. ரீடெவலப்மெண்ட் கூட்டங்களைப் புது வீட்டின் சாவி வாங்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அத்தனை வருடம் தங்கள் குரல் யாருடைய லேப்டாப்பிலோ இருப்பதை விரும்பாத உறுப்பினர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கோப்பைப் பூட்டிய பென் டிரைவில் போட்டு, திறக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் இருக்கிறது.